வாரத்துக்கு வந்த கறுப்பி

பதினோரு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மழையில், ஏற்காட்டில் கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட் குவார்ட்டர்ஸில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது இது. என் கணவர் அங்கே கணக்கு எழுதும் ரைட்டர். நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு, சுற்றுவட்டாரப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பள்ளி நாளிலிருந்தே டைரி எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. மழை எப்போது பிடித்தது, எப்போது விட்டது, யாருடைய துணி எந்த நாளில் வந்தது என்பதுவரை எழுதி வைப்பேன். ஆனால் இந்தச் சம்பவத்தை நினைத்துப் பார்க்க எனக்கு டைரி தேவைப்பட்டதே இல்லை.

எஸ்டேட் வேலிக்குக் கீழே ஒரு சிறிய மலைக்கிராமம். அங்கிருந்த ஓர் அக்காதான் மலையில் எனக்குக் கிடைத்த முதல் சிநேகிதி. என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். கணவர் இறந்துவிட்டார். கொஞ்சம் காப்பியும் மிளகும், கேழ்வரகு விதைக்க ஒரு துண்டு நிலமும் வைத்துக்கொண்டு தனியாளாக ஒரே மகளை வளர்த்து, அடிவாரத்தில் கட்டிக்கொடுத்திருந்தார். ஜாக்கெட் துணியோடு என் வீட்டுக்கு வந்த முதல் நாளே, நான் அளவு எடுக்கும்போது, "கை கொஞ்சம் தளர வையி கண்ணு. மம்பட்டி புடிக்கற கை. போன தடவ டவுன்ல தெச்சவன் கைய மடக்க வுடாம பண்ணிப்போட்டான்" என்றார். சேலத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு மலைக்குளிரும் தனிமையும் பழகாத காலம் அது. அந்தக் "கண்ணு" என்ற சொல்லுக்காகவே அவர் வருவதை எதிர்பார்த்துக் காத்திருப்பேன். அவரும் காரணமே இல்லாமல் வருவார். பறித்த கீரையில் ஒரு பிடி, ஆரஞ்சில் நாலு என்று மடியில் கட்டிக்கொண்டு வருவார். நான் டீ போட்டுத் தருவேன். இருட்டும்வரை பேசிக்கொண்டிருப்போம்.

அந்த வருஷம் ஆவணி முடியும் நேரத்தில் ஒரு நாள், கறுப்புப் பெட்டைக்கோழி ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். மறுகையில் முட்டைக் கூடை.

"என்ற ஊட்டுப் பக்கம் கீரி பந்தி போட்டுத் திங்குது கண்ணு. இந்தக் கறுப்பி ஒண்ணுதான் மிச்சம். உம்பட ஊட்டுல கம்பி வலை அடிச்ச கொட்டாய் இருக்குதல்ல, வாரத்துக்கு வெச்சுக்கோ. மாசியில புள்ளைக்குப் பெரசவம். தலைச்சன் புள்ள. வூட்டுக் கோழியில சாறு வெச்சுக் குடுக்காட்டி அவுங்க சனம் என்னைய வெச்சுப் பேசும்" என்றார்.

வாரம் என்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். கோழி ஒருவருடையது, வளர்ப்பு இன்னொருவருடையது. பொரிக்கும் குஞ்சில் ஆளுக்குப் பாதி. கோழிக்காரர் முதலில் பொறுக்குவார், பிறகு வளர்த்தவர், இப்படி மாற்றி மாற்றி எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அதெல்லாம் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்ட ஆரம்பித்த பிறகுதான். அதுவரை எல்லாக் குஞ்சும் பொதுக் குஞ்சு.

"அப்போ நான் கறுப்பிக்கு மாமியாருங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"மாமியாரா? நீ பெரசவம் பாக்க வந்த ஆளு. குந்தி முட்டையக் காவல் காத்துட்டு இரு" என்று சிரித்தார்.

கறுப்பி நல்ல அடைக்கோழி. மழைக்கும் இடிக்கும் அசையாமல் அடைகாத்தது. பொரித்த குஞ்சுகளில் ஒன்றைக் காக்கை கொண்டுபோயிற்று. மிச்சம் பத்து. அக்கா தினமும் வந்து வலைக்கு வெளியே உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொன்றும் மாசியில் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று கையால் உயரம் காட்டுவார். பெட்டை எது, சேவல் எது என்று என்னிடம் பந்தயம் கட்டுவார்.

தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். அம்மாவோடு மெதுவாக ஏறி எங்கள் வீட்டுக்கு வந்தவள், குஞ்சுகளைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல எம்பட பங்கு எதுன்னு இப்பவே சொல்லிப்போடும்மா. ஊருக்குப் போயி அதையே நெனச்சுட்டு இருப்பேன்" என்றாள்.

"தாய் வெரட்டாம பிரிக்கப்படாது புள்ள."

"பிரிக்க வேண்டாம். அடையாளம் மட்டும் வெச்சு வுடலாம். இந்த அக்கா துணி வெச்சிருப்பாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் கேட்கிறாள். மறுக்க அவருக்கு மனமில்லை. எனக்கும் எது எது என்று தெரிந்திருந்தால் நல்லதுதானே என்று தோன்றியது. எதையும் வகை பிரித்து வைக்கும் ஆள் நான். மிஷினுக்கு அடியில் கிடந்த சிவப்பு வெட்டுத்துணியை மெல்லிய கீற்றுகளாக நறுக்கிக் கொடுத்தேன். மகள்தான் பொறுக்கினாள். முதலில், தீனித் தட்டில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு முன்னால் நிற்கும் பெரிய குஞ்சு. என் முறை கழிந்து அவள் அடுத்து எடுத்தது, அதோடு சண்டை போடுவது. ஒன்று அவள் எடுக்க, ஒன்று நான் எடுக்க, கடைசியில் மிஞ்சிய இரண்டில் நன்றாக ஓடுவதை அவளே எனக்கு விட்டுக்கொடுத்தாள். கால் சற்று இழுக்கும் சின்னது, பாவம் என்று அவளுக்குப் போனது. அவளுடைய ஐந்துக்கும் காலில் சிவப்புத் துணி கட்டினோம்.

"ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி யூனிபார்ம் போட்டுட்டீங்க. இனி பீஸ் யார் கட்டறது?" என்று என் கணவர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அந்தக் கொட்டாய் வாசலில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

மகள் அடிவாரம் திரும்பியதும் மழை வலுத்தது. ஏற்காட்டு ஐப்பசி மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விலகினால் மழை. துவைத்த துணி அடுப்பு மேல்தான் காய வேண்டும். குஞ்சுகளுக்குக் குளிருமே என்று என் கணவர் எஸ்டேட்டிலிருந்து ஒரு சாக்குக் காப்பி உமி கொண்டுவந்து கொட்டாய் முழுக்கக் கனமாகப் பரப்பினார். முதலில் நன்றாகத்தான் இருந்தது. குஞ்சுகள் அதில் புரண்டு சூடு காய்ந்தன. நாலு பக்கமும் சாரல் அடித்து, உமி அடியிலிருந்து ஊறிக்கொண்டே வந்தது எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. மேலாகப் பார்த்தால் உலர்ந்தது போலவே இருக்கும்.

முதலில் சுருண்டது அந்தப் பெரிய குஞ்சு. காலையில் பார்த்தபோது சிறகைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடி, மூலையில் நின்றது. எச்சம் ரத்தமாக இருந்தது. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. தகவல் சொல்லி அனுப்பியதும் அக்கா ஓடிவந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னைத்தான் தேற்றினார்.

"வுடு கண்ணு. குஞ்சுன்னா ரெண்டு போவத்தான் செய்யும். அதுக்குப் போயி இப்புடி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவியா?"

சின்ன வெங்காயமும் சீரகமும் மிளகும் மஞ்சளும் அரைத்து, கடுகு கடுகாக உருட்டி, நாங்கள் இருவரும் ஒவ்வொரு குஞ்சாகப் பிடித்து வாயில் போட்டோம். சிவப்புத் துணி கட்டியது, கட்டாதது என்ற வித்தியாசம் அப்போது எங்கள் இருவர் மனதிலும் இல்லை. மறுநாள் இரண்டாவது செத்தது. அதுவும் துணி கட்டியது. அதற்கு அடுத்து மூன்றாவது. அக்கா அதைக் கையில் எடுத்து, காலில் இருந்த துணியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

நான் எச்சத்தைப் பொட்டலம் கட்டி எடுத்துக்கொண்டு, பஸ் பிடித்து, டவுனிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். டாக்டர் அதைக் கண்ணாடித் துண்டில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது கண்ணுக்குத் தெரியற புழு இல்லீங்கம்மா. குடல்ல உக்காந்து அறுக்கற ரொம்பச் சின்ன உயிர். எச்சத்துல வெளிய வரும், ஈரத்துல பழுக்கும், அதையே மறுபடியும் கொத்தித் திங்கும். இந்தப் பொடியத் தண்ணில கலந்து வைங்க. அஞ்சு நாளைக்கு வேற தண்ணி வாயில படக்கூடாது. கீழ போட்டிருக்கறத எல்லாம் வழிச்சு எறிஞ்சிடுங்க."

அவர் சொன்னது சொன்னபடி செய்தேன். நானும் கணவரும் மழையில் நனைந்துகொண்டே உமியை வழித்து, தூரத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். தரையில் சுண்ணாம்பு தூவி, உலர்ந்த மரத்தூள் போட்டோம். குஞ்சுகளையும் கறுப்பியையும் வெளியே விடாமல் கொட்டாயிலேயே அடைத்தோம். கூரையிலிருந்து சொட்டும் நீர் உள்ளே வராமல் தகரத்தைச் சரிசெய்தார் கணவர். பொடியை அளந்து, தண்ணீரை அளந்து, காலையில் கலந்து வைப்பேன். மறுநாள் காலையில் பழையதைக் கொட்டிவிட்டுப் புதியது வைப்பேன். ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் வைத்தேன். அப்படியும் நான்காவது செத்தது. அதன் காலிலும் சிவப்புத் துணி. என்னுடைய ஐந்தும் சற்றுச் சோர்வாக இருந்தாலும் நடமாடிக்கொண்டிருந்தன.

அன்று காலை அக்கா வந்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். செத்த குஞ்சை இன்னும் அப்புறப்படுத்தவில்லை. அவர் அதைப் பார்த்தார். பிறகு குனிந்து வலை வழியாக மருந்துத் தண்ணீர் வைத்த சட்டியைப் பார்த்தார்.

"இது எப்ப வெச்சதுங்க?" என்று கேட்டார்.

"நேத்துக் காலைல வெச்சதுங்க அக்கா."

"வெச்சது வெச்சபடியே இருக்குதுங்களே. தளும்பத் தளும்ப."

சட்டியில் தண்ணீர் உண்மையாகவே குறையவில்லை. மழைக்காலம், தாகம் அதிகம் இருக்காது என்று நானே நினைத்திருந்தேன்.

"வெச்சேனுங்க அக்கா. தெனமும் வெக்கறேன். கொஞ்சமாவது குடிக்குதுன்னுதான் நெனச்சேன்."

"துணி கட்டினது மட்டும் வரிசையாச் சாவுது. கட்டாதது அஞ்சும் நடக்குது. நான் படிக்காதவ, என்னமோ எனக்குத் தெரியல. எதுக்கு மருந்து போச்சு, எதுக்குப் போவலன்னு குஞ்சா வந்து சொல்லப்போவுது."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "கண்ணு" என்றே கூப்பிடுகிறவர், முதல் முறையாக என்னை "ங்க" போட்டுப் பேசிவிட்டு, முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். பின்னாலேயே ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கலாம். என் மனதில் வராத ஒரு எண்ணத்தை அவர் என் மேல் வைத்துவிட்டுப் போகிறாரே என்ற திகைப்புத்தான் அப்போது இருந்தது.

அங்கேயே ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். தையல் வேலை கிடந்தது. அடுப்பில் உலை கிடந்தது. எழுந்துபோக முடியவில்லை. மூடுபனி கொட்டாய்க்குள்ளேயே புகுந்து போய்க்கொண்டிருந்தது. கம்பி வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரு நீர்முத்து கோத்து நின்றது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த என் முன்னால், துணி கட்டாத குஞ்சு ஒன்று வலையருகே வந்து நின்று, கழுத்தை நீட்டி, ஒரு முத்தைக் கொத்தியது. பிறகு அடுத்ததை. பிறகு இன்னொரு குஞ்சு வந்தது. வரிசையாக, சோறு தின்பது போல, வலை முழுக்கக் கொத்திக் குடித்தன. கறுப்பியும் கொத்தியது. சட்டிப் பக்கம் ஒன்றும் திரும்பவில்லை.

வேறு தண்ணீர் வாயில் படக்கூடாது என்றார் டாக்டர். குட்டை, தொட்டி, கூரைச் சொட்டு எல்லாவற்றையும் அடைத்தோம். காற்றே தண்ணீராகி வலையில் வந்து தொங்கும் ஊரில் இருக்கிறோம் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கணவரைக் கூப்பிட்டு, காப்பி உலர்த்தும் தார்ப்பாயை வாங்கிவரச் சொல்லி, வலையை உள்பக்கமாகச் சுற்றி மறைத்தோம். காற்றுக்கு மேலே மட்டும் இடைவெளி விட்டோம். கரி நெருப்புப் போட்ட சட்டியை வெளியே, கூரைக்கு அடியில் ஒரு கட்டைமேல் வைத்து உள்ளே ஈரம் போக்கினோம். சாயங்காலம் மருந்துச் சட்டியில் தண்ணீர் பாதிக்கு வந்திருந்தது. அந்தப் பாதிச் சட்டியைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் என்னுடைய குஞ்சுகளில் ஒன்று செத்தது. மருந்து அதற்குத் தாமதமாகிவிட்டது போலும். இதை எழுதக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது. அது செத்ததும் எனக்கு ஓர் ஆறுதல் வந்தது. இதைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டினால் நம்புவார் என்று நினைத்தேன். காகிதத்தில்கூடச் சுற்றிவிட்டேன். வாசல் தாண்டும்போதுதான், செத்த குஞ்சைச் சாட்சிக்கு அழைத்துப் போகிற அளவுக்கு வந்துவிட்டோமா என்று உறைத்தது. திரும்பிவந்து அதையும் புதைத்தேன்.

அதோடு சாவு நின்றது. மிஞ்சியது ஐந்து. என் பங்கில் நாலு, அக்கா பங்கில் ஒன்று. கடைசியில் அவருக்குப் போன அந்தக் கால் இழுக்கும் சின்னக் குஞ்சு.

மறுபடியும் டாக்டரைப் பார்த்து நடந்ததையெல்லாம் சொன்னேன். பெரிய குஞ்சுகளே ஏன் முதலில் விழுந்தன என்று கேட்டேன். "முந்தித் திங்கறது எதுங்களோ அதுதான் கிருமியையும் அதிகமாத் தின்னிருக்கும்ங்க. தீனித் தட்டைச் சுத்தித்தான் ஈரமும் எச்சமும் சேரும்" என்றார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நல்ல தீனிக்காரக் குஞ்சுகளாகப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியது அந்தப் பெண். அதனால்தான் அவளுடையவை செத்தன. இதைச் சொன்னால் அக்காவின் மனதிலிருக்கும் முள் எடுபட்டுவிடும் என்று நினைத்து, பஸ்ஸிலிருந்து இறங்கியதும் வீட்டுக்குக்கூடப் போகாமல் அவர் வீட்டுக்கே போனேன்.

அவர் மிளகுக் கொடிக்கு ஏணி சாத்தி மேலே நின்றிருந்தார். "வாங்க" என்றார். கீழே இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார். நான் மூடுபனி, வலை, தார்ப்பாய், டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப என்ற புள்ள நல்லதாப் பாத்துப் பொறுக்கினதுதான் தப்புங்கறீங்க."

"ஐயோ, அப்படிச் சொல்லலீங்க அக்கா."

"நீங்க சொல்லல. கேக்கறவங்களுக்கு அப்படித்தான தெரியும். வயித்துப்புள்ளக்காரி தொட்டது வெளங்காதுன்னு ஊர்ல ஒரு பேச்சு வந்தா அது எங்க போயி நிக்கும்? இத இங்கயே வுட்டுருங்க. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

நான் அதை நினைத்துப் பார்க்கவே இல்லை. நான் கொண்டுபோனது எனக்கான விடுதலை. அது அவர் மகள் மேல் ஒரு பழியாக இறங்கும் என்று அவர் ஒரு நொடியில் கண்டுகொண்டார். அவர் டீ போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

என் கணவரும் ஒரு நாள் தானாகப் போய், "உமி கொண்டாந்து போட்டது நாந்தானுங்க அக்கா. குத்தம்னா அது என்மேலதான்" என்று சொல்லிப் பார்த்தார். "உங்கள யாருங்க குத்தம் சொன்னா?" என்று கேட்டு, அவருக்கும் டீ கொடுத்து அனுப்பிவிட்டார்.

கார்த்திகை முடிவில் கறுப்பி குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கியது. நான் சின்னக் குஞ்சின் காலில் இருந்த துணியை அறுத்து எறிந்துவிட்டு, ஐந்தையும் கறுப்பியையும் ஒரே கூடையில் போட்டு அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

"எல்லாம் உங்களதுங்க அக்கா. பெரசவத்துக்கு வெச்சுக்கோங்க."

அவர் கூடைக்குள் கையை விட்டு, கால் இழுக்கும் குஞ்சைச் சரியாகப் பிடித்து எடுத்தார். அடையாளத் துணி அவருக்குத் தேவைப்படவில்லை. பிறகு கறுப்பியை எடுத்தார்.

"வாரம்னா வாரம்ங்க. இது ரெண்டும் எங்களுது. நாலு உங்களுது. அடுத்தவங்க பங்குல சாறு வெச்சு எம்புள்ளைக்குக் குடுத்தா அது எறங்குங்களா?"

"நான் அடுத்தவளுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் கூடையை என் பக்கமாக மெதுவாக நகர்த்தினார். நகர்த்தும்போது அவருடைய கண்களும் கலங்கித்தான் இருந்தன. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் என்னைத் தண்டிக்கவில்லை. நம்பவும் முடியாமல், நம்பாமல் இருக்கவும் முடியாமல் அவர் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. மகள் சேலம் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் பார்க்கப் போனேன். என் நாலில் நன்றாக வளர்ந்திருந்த ஒரு பெட்டையைக் காலைக் கட்டி எடுத்துப் போனேன். குழந்தை பார்க்கக் கொண்டுவந்ததைத் திருப்ப முடியாது என்பதால் வாங்கிக்கொண்டார். மகள் என்னை உட்காரச் சொல்லி, குழந்தையை என் மடியில் வைத்தாள். கொஞ்ச நேரம் அது இது பேசிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "அந்தப் பெரிய குஞ்சுக்குப் பேரெல்லாம் வெச்சிருந்தேனுங்க அக்கா. சேட்டுன்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது; குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டேன். அதற்குள் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அதப் பத்தி எதுக்கு இப்ப? புள்ளைய வாங்கு, அவங்களுக்குக் கை வலிக்கும்."

அடுத்த வாரமே, எஸ்டேட் ஆள் ஒருவர் மூலம் ஒரு பை நிறைய மிளகு எங்கள் வீட்டுக்கு வந்தது. நல்ல முற்றின மிளகு. ஒரு கோழிக்கு ஈடாகக் கொடுப்பதைவிட அதிகம். இதற்கு முன் எத்தனையோ தடவை நான் அவருக்குச் சும்மா ஜாக்கெட் தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர் எனக்கு எத்தனையோ தடவை மடி நிறையக் கொண்டுவந்திருக்கிறார். ஒரு தடவைகூட எதற்கும் எதுவும் ஈடு செய்ததில்லை. அந்த மிளகுப் பையை ரொம்ப நாள் பிரிக்காமலே வைத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் நாங்கள் பேசாமல் போகவில்லை. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் நின்று பேசுவோம். குழந்தைக்கு நடை பழகிவிட்டதா, காப்பி எப்படி விளைந்தது என்று நான் கேட்பேன். கணவருக்கு இருமல் நின்றதா என்று அவர் கேட்பார். ஜாக்கெட்டும் என்னிடம்தான் தைத்தார். அளவு மாறவில்லை என்று சொல்லி, பழைய ஜாக்கெட்டையே அளவுக்கு அனுப்பிவிடுவார். மழைக்காலத்தில் மூடுபனி ஏறும்போது, யாரோ மேட்டில் ஏறி வருவது போலத் தோன்றும். எழுந்து பார்ப்பேன். எஸ்டேட் ஆட்கள் யாராவது இருப்பார்கள்.

நாலு வருஷம் கழித்து என் கணவருக்கு வாழவந்தி பக்கம் வேறு எஸ்டேட்டில் வேலை அமைந்தது. சாமான் ஏற்றிய அன்று அக்கா வந்தார். லாரியில் ஏற்ற ஒத்தாசை செய்தார். மிஷினைத் துணியால் சுற்றிக் கட்டும்போது கூடவே பிடித்தார். காலியான கோழிக் கொட்டாயைத் தாண்டிப் போகும்போது இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று நான் நின்றேன். நான் ஏதாவது சொல்வேன் என்று அவரும் நின்றிருக்கலாம். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். "மேட்டுல பாத்துப் போகச் சொல்லுங்க, ரோடு வழுக்கும்" என்றார் அக்கா. "சரிங்க அக்கா" என்றேன். அவ்வளவுதான்.

சென்ற வருஷம் அவர் காலமாகிவிட்டதாக மகள் போனில் சொன்னாள். போய் வந்தேன். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். என்னை யாரென்று அவளுக்குத் தெரியாது.

இங்கே பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இப்போது எனக்கு வாரத்துக்குக் கோழி விட்டிருக்கிறார். மழைக்காலத்தில் கொட்டாய் வலையைத் தார்ப்பாய் போட்டு மறைக்கிறேன், உமி போடுவதில்லை, சட்டியில் தண்ணீர் குறைகிறதா என்று தினமும் கண்ணால் பார்க்கிறேன். அவருடைய பிள்ளைகள் வந்து, எங்கள் குஞ்சு எது என்று கேட்டால் மட்டும், தாய்க்கோழி விரட்டும் நாள்வரை அதைச் சொல்லக்கூடாது என்று அனுப்பிவிடுகிறேன். அதுவரை சாவது எதுவானாலும் இரண்டு வீட்டுக்கும் சேர்ந்தே சாகட்டும்.